நோயாளியின் வாக்கும் பிரமாணமே

ஓர் உயிரின் உடம்பில் நிகழ்வதை வேறோர் உயிர் எவ்வாறு அறிகிறது என்னும் வினா தத்துவ சாஸ்திரங்களில் மிகப் பழமையானது. அதற்கு விடை காண முயன்ற நம் முன்னோர், அறிவைப் பயக்கும் வாயில்கள் இவை இவை என்று வகுத்து, காட்சி, கருதல், உரை என மூன்றாகவும், உவமையும் பிறவும் கூட்டி நான்கு, ஆறு, எட்டு, பத்து எனப் பலவாகவும் எண்ணி, ஒவ்வொன்றன் வன்மை மென்மைகளைப் பல நூற்றாண்டுக் காலம் வாதித்து வந்தனர். அவ்வாதங்கள் ஏட்டளவில் நின்றுபோன வறட்டுத் தர்க்கம் என்று கருதுவோர் இன்று பலர். ஆயினும், இரத்தம் எளிதில் நில்லாத ஒருவகை மென்மையான வியாதியைக் கண்டறிவதற்கு நிகழ்கால மருத்துவம் ஒரு வினாத்தாளையே கருவியாகக் கைக்கொண்டிருப்பதை ஆராயுங்கால், அப்பழைய வாதம் இன்னும் முடிவு பெறாமல் நம்மிடையே நடந்துகொண்டிருக்கிறது என்பதும், காவிரிப் பாசனத்து வயலில் நாற்று நடும் ஒரு பெண்ணின் ஆரோக்கியம் அதன் முடிவைப் பொறுத்திருக்கிறது என்பதும் தெளிவாகின்றன.

இரத்தப்போக்கு நோய் என்றவுடன் பலருக்கு நினைவு வருவது ஹீமோஃபீலியா. மூட்டுகளில் இரத்தம் கட்டி ஆண் குழந்தைகளை முடமாக்கும் அவ்வியாதி கடுமையாக வந்துவிட்டால், பிள்ளை தவழ்ந்து நடக்கத் தொடங்கும் பருவத்திலேயே தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும். நாம் இங்கே கருத எடுத்துக்கொண்டவை அதனினும் மென்மையான குறைகள்: அடிக்கடி சில்லுமூக்கு உடைதல், இலேசாக இடித்துக்கொண்டாலும் தோல் கன்றிப்போதல், பல் பிடுங்கிய இடத்தில் மறுநாளும் உதிரம் கசிதல், மாதவிலக்கு எட்டு நாள் பத்து நாள் என்று நீளுதல், பிரசவத்துக்குப் பின் போக்கு நில்லாதிருத்தல் என்று இவ்வாறு வாழ்நாள் முழுவதும் சிதறிக் கிடக்கும் சிறு சிறு நிகழ்ச்சிகளாகவே அவை வெளிப்படுகின்றன. இவற்றுள் ஏதேனும் ஒன்று நல்ல சரீரம் உடையவர்க்கும் எப்போதாவது நேர்வதுண்டு; ஆதலால் எது வியாதியின் அடையாளம், எது தற்செயல் என்று பிரித்துணர்வது எளிதன்று.

இரத்தக் குழாய் அறுபட்ட இடத்தில் தட்டணுக்கள் சென்று ஒட்டிக்கொள்வதற்கு வான் வில்லபிராண்ட் காரணி என்னும் புரதம் துணைசெய்கிறது. அப்புரதம் அளவில் குறைந்தாலும், குணத்தில் கெட்டாலும், அல்லது தட்டணுக்கள் எண்ணிக்கையில் நிறைந்திருந்தும் தொழிலில் குன்றியிருந்தாலும், காயத்திலிருந்து வரும் உதிரம் நிற்கத் தாமதமாகிறது. வழக்கமாகச் செய்யப்படும் உறைவுச் சோதனைகளில் இத்தகையோரின் இரத்தம் பெரும்பாலும் குற்றமற்றதாகவே தோன்றும். காரணியின் அளவையே நேராகச் சோதிப்போம் என்றாலோ, அது ஒரு நிலையில் நிற்பதன்று: கர்ப்ப காலத்தில் உயரும், காய்ச்சலில் உயரும், கடும் உழைப்பிலும் அச்சத்திலும் உயரும்; ஓ வகை இரத்தம் உடையவர்களிடத்தில் ஏனையோரைக் காட்டிலும் ஏறக்குறையக் கால் பங்கு குறைந்திருக்கும். ஊசிக்கு அஞ்சி நடுங்கும் ஒரு சிறுமியின் இரத்தம் அந்த ஒரு நாழிகையில் காட்டும் அளவை, அவளுடைய பதினைந்து ஆண்டு வாழ்க்கையின் அளவாகக் கொள்வது நியாயமாகுமா? இயந்திரம் தான் கண்ட கணத்தைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்லும். கடந்த காலத்துக்குச் சாட்சி சொல்ல வல்லவர் அவ்வுடம்பில் வாழ்ந்தவரே.

இந்த நோயின் வரலாறே இதற்குச் சான்றாகும். 1924-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டைச் சேர்ந்த ஓலாந்து தீவுக்கூட்டத்திலிருந்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, இரத்தப்போக்கின் பொருட்டு ஹெல்சிங்கி நகரத்துக்கு எரிக் வான் வில்லபிராண்ட் என்னும் மருத்துவரிடம் அழைத்து வரப்பட்டாள். அவளுடைய சகோதரிகளில் சிலர் ஏற்கெனவே உதிரம் நில்லாமல் இறந்திருந்தனர். அம்மருத்துவர் சிறுமியின் இரத்தத்தைச் சோதித்ததோடு அமையாமல், அக்குடும்பத்தின் கிளைகளைத் தேடி, யார் யாருக்கு எப்போது எவ்வாறு இரத்தம் போயிற்று என்று விசாரித்து, 66 பேர் கொண்ட வமிசாவளியில் 23 பேரிடம் அக்குறை காணப்படுவதை அறிந்தார். பெண்கள் மிகுதியாகப் பாதிக்கப்பட்டிருந்தமையால், இது ஆண்மக்களையே பெரிதும் பற்றும் ஹீமோஃபீலியா அன்று, வேறொரு நோய் என்று துணிந்து 1926-இல் எழுதினார். அச்சிறுமி தனது 13-ஆம் வயதில் நான்காவது மாதவிலக்கின்போது உதிரம் நில்லாமல் உயிர் துறந்தாள். இரத்தத்தில் குறைந்திருந்த பொருள் இன்னதென்று சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் அறியத் தொடங்கியது 1950-களில்தான். அதற்கு முந்திய முப்பதாண்டுக் காலம் அந்நோயைத் தாங்கி நின்ற பிரதான ஆதாரம், தீவுவாசிகள் தம் தாயரையும் பாட்டியரையும் பற்றிச் சொன்ன சொற்களே.

அச்சொற்களை முறைப்படுத்தும் முயற்சி இந்நூற்றாண்டில் வலுப்பெற்றது. இத்தாலியின் விசென்சா நகரத்தைச் சேர்ந்த பிரான்செஸ்கோ ரோதெகியேரோவும் அவருடைய துணைவர்களும் 2005-இல் ஒரு வினாத்தாளையும் அதற்குரிய மதிப்பெண் முறையையும் வெளியிட்டனர். அதனைத் திருத்தியும் விரித்தும் 2010-இல் சர்வதேச இரத்த உறைவியல் சங்கம் ஒரு பொது வினாத்தாளை அமைத்தது. மூக்கு, தோல், வாய், சிறு காயம், பல் பிடுங்கல், அறுவைச் சிகிச்சை, மாதவிலக்கு, பிரசவம், மூட்டு, தசை என்றவாறு 14 தலைப்புகளின் கீழ் வினாக்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண் உண்டு. மூக்கிலிருந்து ஆண்டுக்கு ஐந்து முறைக்கு மேலோ, ஒரே முறை பத்து நிமிஷத்துக்கு மேலோ இரத்தம் வந்தால் ஒன்று என்று தொடங்கி, இரத்தம் ஏற்றும்படி நேர்ந்தால் நான்கு என்று முடியும். வயது வந்த ஆண்களில் மூன்று வரையும், பெண்களில் ஐந்து வரையும், குழந்தைகளில் இரண்டு வரையும் சாதாரணம் என்றும், அதற்கு மேற்பட்டால் ஆராயத்தக்கது என்றும் எல்லை வகுத்திருக்கின்றனர்.

இவ்வினாக்களின் அமைப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. தத்துவ நோக்குடையவர் ஊன்றிப் பார்க்க வேண்டிய இடம் அதுவே. "உங்களுக்கு உதிரப்போக்கு அதிகமா?" என்று ஒரு பெண்ணைக் கேட்டால், "சாதாரணமாகத்தான் இருக்கிறது" என்று அவள் விடை கூறக்கூடும், அதில் பொய்யேதும் இல்லை. தன் உடம்பில் நிகழ்வதை அவள் நேரே அறிகிறாள். ஆனால் அதிகம், குறைவு என்பன ஒப்பீட்டால் வரும் முடிவுகள். பிறர் உடம்பைக் கண்டறியாத அவளுக்கு அந்த ஒப்பீட்டுக்கு வேண்டிய மறுபக்கம் கிடைப்பதில்லை. தாயும் பெரியம்மாவும் அக்காளும் அவளைப் போலவே பத்து நாள் அவதிப்படுகிற வீடாக இருந்தால், "எங்கள் வீட்டுப் பெண்களுக்கே அப்படித்தான், அது எங்கள் வாகு" என்று அந்தப் பரம்பரை வியாதியே அவளுக்கு இயல்பின் அளவுகோலாகிவிடுகிறது. ஆகவே நல்ல வினாத்தாள் முடிவைக் கேளாமல் காட்சியைக் கேட்கிறது: எத்தனை நாள் நீடிக்கிறது, துணியை இரண்டு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டி கட்டியாக வருகிறதா, இரவில் பாய் நனைகிறதா என்று விசாரித்து, அவள் கண்டதை அவளிடமிருந்து பெற்றுக்கொண்டு, கருதி முடிவுசெய்யும் பொறுப்பை மருத்துவனிடம் விடுகிறது. எழுத்தறியாதவர்க்கும் பயன்படும்படி, நனைந்த அணையாடையின் படங்களைக் காட்டி ஒத்ததைச் சுட்டச் செய்யும் முறையொன்றும் 1990-இல் இங்கிலாந்தில் தோன்றியது. அதில் நூறு மதிப்பெண்ணைத் தாண்டினால் ஒரு மாதவிலக்கில் 80 மில்லி லிட்டருக்கு மேல் உதிரம் போவதாகக் கொள்வர்.

காட்சியையும் கருதலையும் இவ்வாறு பிரித்து வைக்கும் விவேகம் நம் நாட்டுக்குப் புதியதன்று. மெய்கண்ட சாத்திரங்களுள் ஒன்றாகிய சிவஞான சித்தியார் தன் சித்தாந்தத்தைத் தொடங்குவதற்கு முன்பே அளவையியலை வகுத்துரைக்கிறது. அங்கே அருணந்தி சிவாசாரியார் காட்சியை நான்காகப் பிரித்து, பொறிகளால் வருவது, மனத்தால் வருவது, யோகத்தால் வருவது என்பவற்றோடு, தன்வேதனைக் காட்சி என்று ஒன்றைத் தனியே வைக்கிறார். இன்ப துன்பங்களை உயிர் தானே தன்னிடத்தில் அனுபவித்து அறிவதே அது. பிறர் கண்ணுக்கோ பிறர் கைக்கோ அது புலனாவதில்லை. மாயூரத்தை அடுத்த திருவாவடுதுறை ஆதீனத்தில் விளங்கி 1785-இல் மறைந்த சிவஞான முனிவர் அந்நூலுக்கு உரை வகுத்தார். தருமபுரத்திலும் திருவாவடுதுறையிலும் தலைமுறை தலைமுறையாக மாணாக்கர் பாடம் கேட்டு வந்த கொள்கை இது. காவிரிக் கரையில் இவ்வளவு காலம் ஓதப்பட்ட ஓர் உண்மையை, அக்கரையிலேயே உள்ள மருத்துவமனைக்குள் நுழையும்போது நாம் மறந்துவிடலாமா?

நோயாளியின் தன்வேதனைக் காட்சி மருத்துவனை அடையும்போது உரையாகவே அடைகிறது. ஆகையால் உரை பிரமாணமாகுமா என்னும் கேள்வி எழுகிறது. பௌத்தரும் வைசேஷிகரும் உரையைத் தனிப் பிரமாணமாக ஒப்பாமல் அனுமானத்துள் அடக்கினர். கௌதமரின் நியாய சூத்திரம் அதனைத் தனியே ஒப்புக்கொண்டு, நம்பத்தக்கவராகிய ஆப்தரின் உபதேசமே சப்தப் பிரமாணம் என்று கூறிற்று. ஆப்தர் யார் என்பதை விளக்க வந்த வாத்ஸ்யாயனர், பொருளை நேரே அறிந்தவராகவும், அறிந்தபடியே பிறர்க்கு உரைக்கும் விருப்பமுடையவராகவும் இருத்தலே இலக்கணம் என்று வகுத்து, அவ்விலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றேயாகும் என்று உரைத்தார். குலமும் கல்வியும் ஆப்தத் தன்மைக்கு அங்கமல்ல என்பது இதனால் பெறப்படும். தன் வயிற்றுவலியைப் பற்றிப் பேசும் கூலிக்காரப் பெண், அந்த ஒரு விஷயத்தில் ரிஷிக்கு நிகரான ஆப்தர் என்று சொன்னால் அது மிகையாகாது. வாத்ஸ்யாயனருடைய இலக்கணத்தை நேர்மையாகப் பொருத்தினால் வரும் முடிவே அது.

மற்றொரு பிரச்சினையும் பழைய நூல்களில் உண்டு. ஓர் அறிவு மெய் என்பது அவ்வறிவினாலேயே விளங்குமா, வேறொன்றால் நிரூபிக்கப்பட்ட பின்னரே விளங்குமா என்பது அது. குமாரிலர் முதலிய மீமாம்சகர், அறிவு பாதிக்கப்படாதவரை தானே பிரமாணம் என்றனர். நையாயிகர் பிறிதொன்றின் துணையால் உறுதிப்பட வேண்டும் என்றனர். மருத்துவத்தில் இவ்விரண்டும் முறையே வேண்டப்படுவன என்று நமக்குத் தோன்றுகிறது: முதலில் நோயாளியின் வாக்கை மெய்யென ஏற்று, பின்னர் சோதனையால் அதன் காரணத்தைத் தேட வேண்டும். ஆனால் நடைமுறையில் பல இடங்களில் நிகழ்வது இதற்கு நேர்மாறு. இயந்திரம் தரும் எண்ணுக்கு மீமாம்சகரின் சலுகையும், பெண் தரும் வாக்குக்கு நையாயிகரின் கண்டிப்பும் காட்டப்படுகின்றன. எண் சரியாக இருந்துவிட்டால் அவள் சொன்னதெல்லாம் பிரமை என்று தள்ளப்படுகிறது. இரத்தம் எளிதில் போகும் இயல்புடையோராக நிபுணரிடம் வருவோரில், எல்லாச் சோதனைகளும் செய்த பிறகும் காரணம் புலப்படாதவர் பலர் உளர் என்பதை மேலை நாட்டு நிபுணர்களே ஒப்புக்கொண்டு, அந்நிலைக்கு, காரணம் அறியப்படாத இரத்தப்போக்கு நோய் என்று ஒரு பெயரும் இட்டிருக்கின்றனர். காரணம் தெரியாமையால் காரியம் இல்லையென்று சொல்லாத அந்த நேர்மை பாராட்டத்தக்கது.

இதனினும் ஆழ்ந்த ஒரு விஷயம் 2021-இல் வெளியான சர்வதேச வழிகாட்டு நெறிகளில் காணப்படுகிறது. வான் வில்லபிராண்ட் காரணியின் அளவு, நூற்றுக்கு முப்பதுக்குக் கீழே இருந்தால், இரத்தப்போக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நோய் என்று கொள்ளப்படும். முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையே இருந்தாலோ, இயல்புக்கு மீறிய இரத்தப்போக்கு உடையவர்க்கு மட்டுமே நோய் என்று கொள்ளப்படும். இரு பெண்களுடைய அளவும் நாற்பது என்று வைத்துக்கொள்வோம். சோதனைச் சாலைக்கு அவ்விருவரும் சமம். ஒருத்தி பல் பிடுங்கிய இரவெல்லாம் உதிரம் துப்பியவள், பிரசவத்தில் பிழைத்ததே அரிதென்றிருந்தவள். மற்றவளுக்கு அத்தகைய வரலாறு எதுவும் இல்லை. முன்னவள் நோயாளி, பின்னவள் சுகதேகி. இவ்வேற்றுமையைச் செய்தது எண் அன்று, வாழ்ந்த வரலாறே. நோய் என்பது இரத்தத்தில் கிடக்கும் ஒரு பொருளா, உயிர் அனுபவிக்கும் துன்பமா என்னும் தத்துவ வினாவுக்கு இந்த இடத்திலேனும் விஞ்ஞானம் இரண்டாவது பக்கத்தில் நின்று விடை சொல்லியிருக்கிறது.

இனி, நம் நாட்டுச் சமய ஆசாரம் இவ்விஷயத்தில் எங்கே நிற்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தஞ்சை ஜில்லாவின் பழைய இல்லங்களில் மாதவிலக்கான பெண் தூரம் என்று ஒதுக்கி வைக்கப்பட்டு, மூன்று நாள் கழித்து நான்காம் நாள் தலைமுழுகி உள்ளே வந்தாள். நாளை இவ்வளவு கண்டிப்பாக எண்ணிய வீடு, போன உதிரம் எவ்வளவு என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான்காம் நாளுக்குப் பின்னும் போக்கு நில்லாதவள் அதை வெளியே சொன்னால் கோயிலுக்கும் குளத்துக்கும் விசேஷங்களுக்கும் விலக்கு நீளும் என்று அஞ்சி மறைத்தாள்; மறைத்து மறைத்து அது சொல்லத் தகாததாகவே ஆகிவிட்டது. வைத்தியர்கள் பெரும்பாடு என்று இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தும், வைத்தியரிடம் போகும் அளவுக்கு அப்பெயரை உச்சரித்த பெண்கள் எத்தனை பேர்? இந்தச் சங்கோசத்தைச் சமயத்தின் பெயரால் காப்பது தகாது என்பது என் திடமான அபிப்பிராயம். அதற்குச் சமயத்துக்குள்ளேயே நியாயம் உண்டு. பாபநாசத்தை அடுத்த திருக்கருகாவூரில் அம்பிகை கருவைக் காக்கும் நாயகியாக எழுந்தருளியிருக்கிறாள். கருவுற்ற பெண்கள் அங்கே சென்று தங்கள் அச்சத்தையெல்லாம் வாய்விட்டுச் சொல்லி வேண்டுகிறார்கள். வைத்தீசுவரன் கோயிலிலே இறைவனே வைத்தியநாதனாக நின்று பிணியாளர் முறையீட்டைக் கேட்கிறான். கருப்பையைக் கர்ப்பக்கிருகத்தின் அருளுக்கு உரியதாக்கிய சமயம், அக்கருப்பையின் உதிரத்தைப் பேசத் தகாததாக்குவது தன்னோடு தான் முரண்படுவதாகும். தெய்வத்தின் முன் சொல்லத் தக்கது மருத்துவச்சியின் முன்னும் சொல்லத் தக்கதே.

வினாத்தாளின் குறைகளையும் அதே நேர்மையோடு பேச வேண்டும். அதில் மிகப் பெரிய குறை, துன்பத்தின் கடுமையை, பெற்ற சிகிச்சையைக் கொண்டு அது அளக்கிறது என்பது. மருத்துவரைப் பார்த்தீர்களா, இரும்புச்சத்து மாத்திரையோ ஹார்மோன் மாத்திரையோ கொடுத்தார்களா, வேலைக்கோ பள்ளிக்கோ போகாமல் இருந்தீர்களா என்பவற்றின் விடையால் மதிப்பெண் உயர்கிறது. மருத்துவமனை அருகில் உள்ள நாட்டில் இது நல்ல அளவுகோலே. குறுவை நடவின்போது ஒரு நாள் கூலியை இழந்தால் அடுப்பு எரியாது என்ற நிலையில், முழங்காலளவு சேற்றில் நின்று உதிரம் போகப் போக நாற்று நட்டவளுக்கு, ஓய்வு எடுத்தீர்களா என்னும் வினாவின் விடை இல்லை என்பதுதான். அதனால் அவளுடைய மதிப்பெண் தாழ்கிறது. அணையாடையை எத்தனை முறை மாற்றினீர்கள் என்பதும், மாற்றுவதற்கு மறைவிடம் இல்லாத வயல்வெளியில் பொருளிழந்து போகிறது. கல்லணையில் திறந்துவிட்ட தண்ணீர் இத்தனை கன அடி என்று அதிகாரி எழுதிவைத்த கணக்கு உண்மையாயினும், அது தம் வாய்க்காலுக்கு வந்ததா என்பதைக் கடைமடை விவசாயியைக் கேட்டே அறிய வேண்டியிருப்பது போல, வேறொரு நாட்டில் வகுத்த மதிப்பெண் நம் கிராமத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்பதையும் இங்குள்ளவர்களைக் கேட்டே திருத்திக்கொள்ள வேண்டும். உரையைப் பிரமாணமாகக் கொள்வோர், உரைப்பவளுடைய வாழ்க்கைக்கு ஏற்றபடி வினாவை அமைக்கவும் கடமைப்பட்டவர்.

மற்றொரு குறை, மதிப்பெண் எப்போதும் நிச்சயத்தைத் தருவதில்லை என்பது. 2005-இல் வெளியான ஆராய்ச்சியில், ஆண்களுக்கு மூன்று, பெண்களுக்கு ஐந்து என்னும் எல்லை, நோயில்லாதவரை நோயில்லாதவரென விலக்கிக் காட்டுவதில் நூற்றுக்கு 98.6 அளவு துல்லியமாக இருந்தது; நோயுள்ளவரைக் கண்டுகொள்வதிலோ 69.1 அளவே எட்டிற்று. அறுவைச் சிகிச்சையோ பிரசவமோ பல் பிடுங்கலோ காணாத இளம் பிள்ளைக்கு, உடம்பு சோதிக்கப்படாமையால் மதிப்பெண் குறைந்தே இருக்கும். நம் ஊர்களில் மொட்டையடிக்கும்போதும் ஆசாரி காது குத்தும்போதும் இரத்தம் நிற்க எவ்வளவு நேரமாயிற்று என்பதைக் கேட்டறிவது, குழந்தைகளைப் பொறுத்தவரை இக்குறையை ஓரளவு நிறைக்கும். ஆகையால், வினாத்தாள் சோதனைக்கு அனுப்ப வேண்டியவரைத் தெரிந்தெடுக்க ஆரம்ப மருத்துவ நிலையத்தில் உதவும் என்றும், நோயாளியின் நெருங்கிய உறவினர் போன்று நோய் இருக்கச் சாத்தியம் மிகுந்தவரை மதிப்பெண் குறைவென்று காட்டிச் சோதிக்காமல் விடலாகாது என்றும் 2021-ஆம் ஆண்டின் நெறிகள் எச்சரிக்கின்றன. ஒரு பிரமாணம் மற்றொன்றைத் தின்றுவிடாமல், தத்தம் எல்லையில் நின்று ஒன்றுக்கொன்று துணையாவதே நம் அளவை நூல்களும் போதித்த முறை.

இவ்வளவு வாதமும் எதற்காக என்று கேட்பவர்க்கு ஒரு விஷயத்தை நினைவூட்டுவேன். 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர். அவர்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை தருகிறோம், தருவது நன்றே. அவ்விரத்தம் எங்கே போகிறது என்று கேட்பது அதனினும் முந்திய கடமை. உணவுக் குறையும் குடற்புழுவும் பெருங் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், பல நாடுகளில் நடந்த 11 ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2004-இல் வெளியிட்ட கணக்கில், பெரும்பாட்டால் வருந்திய 988 பெண்களுள் 131 பேரிடம் வான் வில்லபிராண்ட் நோய் காணப்பட்டது. எட்டில் ஒருத்தி என்பது சிறிய அளவா? அவ்வாறு அறியப்படாமலே போகும் பெண்களுள், பல்லாண்டு துன்பத்துக்குப் பின் கருப்பையையே அகற்றும் சிகிச்சைக்கு உடன்படுவோரும், அந்த அறுவையின்போதே உதிரம் நில்லாமல் ஆபத்துக்கு உள்ளாவோரும் உண்டு.

அறிந்துகொண்டால் செய்யத்தக்கதோ எளிது. ஜப்பான் தேசத்து உத்தாகோ ஒகமோத்தோவும் அவர் கணவரும் 1962-இல் உலகுக்கு அறிவித்த டிரானெக்சாமிக் அமிலம், உறைந்த இரத்தம் கரைவதைத் தடுத்துப் போக்கை மட்டுப்படுத்துகிறது, விலையும் குறைவு. பிரசவத்துக்குப் பின் மிகையான போக்கு நேர்ந்த 20,000-க்கு மேற்பட்ட தாய்மாரைக் கொண்டு நடந்து 2017-இல் வெளியான சோதனையில், இம்மருந்து காலத்தில் கொடுக்கப்பட்டால் உதிரப்போக்கால் நேரும் மரணம் குறைகிறது என்பது தெளிவாயிற்று. நோய் முன்பே தெரிந்திருந்தால் பல் பிடுங்குமுன்பும் பிரசவத்துக்கு முன்பும் ஏற்பாடு செய்துகொள்ளலாம். வலி தீர்க்கும் ஆஸ்பிரின் போன்ற மருந்துகளை விலக்கலாம். அறியாமையால் வரும் கேடும் அறிவால் வரும் காப்பும் இவ்வளவு தொலைவில் நிற்கும்போது, இடையே இருப்பது சில வினாக்களைக் கேட்கும் பொறுமை மட்டுமே.

அவ்வினாக்களுள் நம் நாட்டுக்கு விசேஷமாக ஒன்றைச் சேர்க்க வேண்டும்: தாய் தந்தையர் மணத்துக்கு முன்பே உறவினரா என்பது. மாமன் மகளையும் அத்தை மகனையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கமுடைய குடும்பங்களில், பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் குறை பிள்ளையிடம் ஒன்றுசேர்ந்து வெளிப்படக்கூடும். தட்டணுக்கள் எண்ணிக்கையில் குறையாமலே தொழிலில் கெட்டிருக்கும் கிளான்ஸ்மன் நோயை, உலகில் அரிதென்று கருதப்பட்ட அதனை, தென்னிந்தியாவில் 42 பேரிடம் கண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 1981-இல் எழுதினர். உறவுமுறையையும் மூத்தோர் அனுபவத்தையும் கேளாமல், தட்டணு எண்ணிக்கை சரியென்று திருப்பியனுப்பியிருந்தால் இத்தகையவர் அறியப்பட்டிருக்க மாட்டார்கள்.

கேட்பதையும் எழுதிவைப்பதையும் மருத்துவத்தின் அங்கமாகக் கொண்ட மரபு தஞ்சைக்கு உண்டு. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், தன்வந்திரி மகாலை நிறுவி வைத்தியர்களைப் போஷித்ததோடு, கண்நோயாளர் வரலாறுகளை ஏடுகளில் எழுதுவித்து, நோயுற்ற கண்ணின் சித்திரத்தையும் உடன் வரைவித்தார். அவை சரஸ்வதி மகால் நூல்நிலையத்தில் இன்றும் பேணப்படுகின்றன. ஆயுர்வேதம் காண்பதும் தொடுவதும் வினவுவதும் ஆகிய மூன்றைப் பரீட்சைகளாகக் கூறிற்று. நம் சித்தர் மரபு எண்வகைத் தேர்வுகளுள் மொழியையும் ஒன்றாக வைத்தது. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தின் நான்கு உறுப்புகளை எண்ணும்போது பிணியாளனையே முதலில் வைத்தார். இவர்கள் வினாவுக்குக் கொடுத்த இடத்தை நாம் விட்டுவிட்டோம். மேலை நாட்டினர் அதனை மதிப்பெண்ணோடு திருப்பித் தந்திருக்கின்றனர்.

ஆகவே நாம் வேண்டுவது இது. கிராம சுகாதார செவிலியர், கருவுற்ற பெண்களையும் வயதுவந்த மாணவியரையும் காணும்போது, இரத்தசோகைக்கு மாத்திரை தருமுன், அப்பெண்களின் பேச்சுவழக்கிலேயே அமைந்த இந்த வினாக்களைத் தனியிடத்தில் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். கூலியையும் தூரத்தையும் வறுமையையும் கணக்கில் கொண்டு, மருத்துவரைப் பார்த்தீர்களா என்பதோடு, பார்க்க முடிந்திருந்தால் போயிருப்பீர்களா என்றும் கேட்கட்டும். ஐயம் எழுந்தவரைத் தஞ்சை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, ஒரே முறை சோதித்து முடிவு சொல்லிவிடாமல் மீண்டும் சோதிக்கட்டும். எண்ணும் வரலாறும் மாறுபட்டால், வரலாற்றைப் பொய்யென்று தள்ளுவதற்கு முன் எண்ணின் எல்லையையும் நினைத்துப் பார்க்கட்டும். துன்பத்தை அனுபவிக்கிற உயிருக்கே அத்துன்பத்தைப் பற்றி முதலில் பேசும் அதிகாரம் உண்டு என்று நம் சாஸ்திரங்கள் ஒப்புக்கொண்டன. அவ்வதிகாரத்தை ஒவ்வொரு நோயாளிக்கும் வேற்றுமையின்றி வழங்குவதற்கு வினாத்தாள் ஒரு நல்ல வழி. அதைக் கையாள்பவர், தாம் ஒரு தாளை நிரப்புகிறோம் என்ற எண்ணத்தை விட்டு, ஓர் ஆப்தரின் வாக்கைக் கேட்கிறோம் என்ற சிரத்தையோடு எதிரே அமர்வாராயின், தத்துவத்துக்கும் வைத்தியத்துக்கும் அவர் ஒருங்கே நியாயம் செய்தவராவார்.